ஊர்காவற்றுறையின் வெற்று ஆசனம்



யாழ்ப்பாணக் கோட்டையின் அருகிலே பண்ணைப் பாலத்தில் ஏறி மேற்கு நோக்கிச் செல்பவருக்கு இருமருங்கிலும் ஆழமில்லாத கடல் தோன்றும். அதனைக் கடந்தால் மண்டைதீவும் வேலணையும் வரும். வேலணைக்கு அப்பால் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். அதற்குமேல் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகவேண்டியவர் வள்ளத்தையும் காற்றையும் நம்பவேண்டியவரே. அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை நோக்கிக் கடல் கடந்து வருவார்கள். பனையும் சுண்ணாம்புக் கல்லும் உவர்நீரும் மலிந்த இத்தீவுகளுக்கு நடுநாயகமாக விளங்கிய துறையே ஊர்காவற்றுறை. கப்பற்றுறையைக் குறிக்கும் ஒரு போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து 'கயிற்ஸ்' என்ற பெயரும் அதற்கு வந்தது. எதிரே கடலின் நடுவிலே நிற்கும் கோட்டைக்கு ஒல்லாந்தர் 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையிறைச்சியை ஒத்திருப்பதாகவும், அதன் குதிகால் இந்த இடத்தில் இருப்பதாகவும் அவர்கள் கண்டார்களாம். வரைபடத்தைப் பார்க்கும்போதும் உணவை மறவாத மனிதர்கள்!

கோட்டையையும் துறைமுகத்தையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஊர்காவற்றுறை என்னும் தேர்தல் தொகுதியின் கதை. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைக்கென வகுக்கப்பட்ட இத்தொகுதி 1989 வரை தனக்கெனத் தனியொரு பிரதிநிதியைத் தேர்ந்தனுப்பும் உரிமையைக் கொண்டிருந்தது. அந்த 58 ஆண்டுகளிலே அதன் ஆசனம் முதல் மூன்று ஆண்டுகளும் வெறுமையாகக் கிடந்தது. கடைசி ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகவும் வெறுமையாகக் கிடந்தது. தொடக்கத்தில் ஆசனம் வேண்டாமென்று மறுத்தவர்கள் நாமே. இறுதியில் நிகழ்ந்தது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதன்று.

1931க்கு முன்னிருந்த நிலையை முதலில் நினைவூட்டுதல் வேண்டும். அக்காலத்துச் சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் வருமானமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியதாயிருந்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளர். கடற்றொழிலாளியும் பனையேறியும் கூலிக்காரரும் பெண்கள் யாவரும் அக்கணக்கிற்கு வெளியே நின்றார்கள். 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவினர் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தார்கள். 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாரும் வாக்களிக்கலாம் என்பது 1931இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை 1928இல்தான் பெற்றார்கள் என்பதை எண்ணும்போது இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும். கல்வியில்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்ட பெரியவர்கள் தெற்கிலும் இருந்தார்கள், நம்மிடையேயும் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனே இந்த ஏற்பாட்டை வன்மையாக எதிர்த்தவர்.

புதிய அரசாங்க சபைக்கு 50 தொகுதிகள் வகுக்கப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்குமாக நான்கு: யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை. 1931 மே 4ஆந் திகதி நியமனப் பத்திரங்கள் ஏற்கும் நாள். அன்று இந்த நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஜூன் மாதத்திலே மற்றைத் தொகுதிகளுக்கெல்லாம் தேர்தல் முடிந்து, சபை நான்கு ஆசனங்கள் குறையவே கூடியது.

இதனைச் செய்வித்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரோடு தோன்றி, ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளம் ஆசிரியர்களால் வளர்க்கப்பட்ட இயக்கம் அது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தவர்களும் அவர்களே. சாதி வேற்றுமையை அவர்கள் வெறுத்தார்கள், இனவாதத்தையும் வெறுத்தார்கள். அவர்கள் வேண்டியது இலங்கை முழுவதற்குமான பூரண சுயராச்சியம். டொனமூர்த் திட்டமோ தேசாதிபதியின் கையில் மேலதிகாரத்தை விட்டுவைத்தது. நிதி, சட்டம், வெளிவிவகாரம் ஆகியவற்றை மூன்று உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தது. அரைகுறைச் சுதந்திரம் வேண்டாம் என்று அவர்கள் பகிஷ்காரம் செய்தார்கள். யாழ்ப்பாணத்தார் தமக்கெனத் தனிச்சலுகை கேட்டு விலகி நிற்கவில்லை, நாடு முழுவதற்கும் கூடுதலான உரிமை கேட்டு விலகி நின்றார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாயிருக்கும். நான் மேல்வகுப்பு மாணவருக்கு இதனைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் நம்பாத பார்வை பார்ப்பதுண்டு.

அந்த இளைஞரின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலுவதில்லை. 1931 ஜூன் மாதத்திலே காலியிலும் குருநாகலிலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்த பெண்ணொருத்தி தன் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கச் சென்றாள். வடமாகாணத்திலேயே மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியிலும் தேர்தல் நடந்தது. நெடுந்தீவிலே, புங்குடுதீவிலே வாழ்ந்த பெண்ணுக்கு அந்த நாள் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கும் வரவில்லை. வாக்கை மறுத்தவர்களிற் பலர் படித்தவர்கள். பழைய முறையிலேயே வாக்களித்தோ, வாக்களித்தோரின் பிள்ளைகளாயிருந்தோ பழகியவர்கள். ஒருநாளும் வாக்கைக் கையாற் பிடித்தறியாதவரை, இதை விட்டுவிடச் சம்மதமா என்று அழைத்துக் கேட்டவர் எவருமிலர். உயர்ந்த நோக்கத்தோடு செய்யப்பட்ட தியாகந்தான். அதன் விலையிற் பெரும்பங்கைக் கொடுத்தவர் வேறொருவர்.

வெற்று ஆசனம் என்பது வெறும் மானப்பிரச்சினையன்று. டொனமூர் முறையிலே சபை உறுப்பினர் யாவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து கருமமாற்றினர். கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி, விவசாயம், போக்குவரத்து முதலிய துறைகளின் அலுவல்கள் அக்குழுக்களிலேதான் ஆராயப்பட்டன. எந்த வீதிக்குக் கல் பரப்புவது, எங்கே வைத்தியசாலை அமைப்பது என்பவற்றைப் பேச அங்கே ஒருவர் இருக்கவேண்டும். குழுவின் தலைவரே மந்திரி. தலைவரைத் தெரிபவர்கள் குழுவின் உறுப்பினர். ஆகவே நான்கு ஆசனங்கள் வெறுமையானபோது குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் எந்தக் குழுவிலும் இடமில்லாது போயிற்று.

மனமாற்றம் வந்தது. 1934இல், சேர் றெஜினால்ட் ஸ்ரப்ஸ் தேசாதிபதியாயிருந்தபோது, நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நடத்தப்பட்டது. பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபைக்குச் சென்றது அத்தேர்தலின் மூலமே. ஊர்காவற்றுறையின் முதற் பிரதிநிதியாகத் தெரிவானவர் நெவின்ஸ் செல்வதுரை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் அவர். பள்ளிக்கூடத்து அதிபரை அரசியலுக்கு அனுப்பிய தீவார் நல்லது செய்தார்களா, அவருக்குத் தீங்கு செய்தார்களா என்று என் தொழில் காரணமாக நான் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்நாளையத் தேர்தல் முறை இக்காலத்தவருக்கு விநோதமாகத் தோன்றும். வாக்குச்சீட்டிலே சின்னம் கிடையாது. அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிறத்திலே ஒரு பெட்டி. எழுத்தறியாதவர் தாம் விரும்பியவரின் நிறப் பெட்டியைக் கண்டு அதற்குள்ளே சீட்டை இடுவார். என் பாட்டியார் இம்முறையிலே வாக்களித்தவர். பின்னர் சின்னங்கள் வந்து பல்லாண்டு கழிந்த பின்பும், தேர்தல் என்ற பேச்சு எழுந்தால் அவர் வீட்டாரை நோக்கி, "நாங்கள் எந்த நிறம்?" என்றே கேட்பார். சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். தமது நிறத்தைத் தாமே தெரிந்தாரா, வீட்டு ஆடவர் சொல்லிக்கொடுத்தார்களா என்று அவரிடம் கேட்க எனக்கு அப்போது அறிவில்லை.

1936ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஊர்காவற்றுறை தன் மண்ணின் மைந்தரையே அனுப்பியது. வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி 1874இற் பிறந்தவர், அப்புக்காத்து, பழைய சட்டநிரூபண சபையிலே 1921 முதல் அங்கம் வகித்துப் பெயர் பெற்றவர். 1931இல் அவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யாதிருந்தவர்களுள் ஒருவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொகுதி ஏற்க மறுத்த அதே சபை, அத்தொகுதியின் உறுப்பினரைத் தன் சபாநாயகராகத் தெரிந்தது. 1936 முதல் 1947 வரை அந்த ஆசனத்தை அலங்கரித்தவர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி.

இதிலே ஒரு முரண்பாடு இருக்கிறது. அதே 1936இல் அமைந்த மந்திரி சபையில் ஏழு மந்திரிகளும் சிங்களவர். சிறுபான்மையினர் ஒருவருக்கேனும் இடமில்லை. நிர்வாகக் குழுக்களில் உறுப்பினரைத் திறமையாகப் பங்கிட்டு, பெரும்பான்மையைக் கொண்டு அதைச் சாதித்தார்கள். அச்சபையின் மிக உயர்ந்த பீடத்திலே தீவகத்துத் தமிழர் வீற்றிருக்க, அதன் அதிகாரம் இருந்த இடத்திலே தமிழர் எவருமிலர். 1942இல் அ. மகாதேவா மந்திரியாகும் வரையில் இந்நிலை நீடித்தது. அன்றியும், சபாநாயகர் என்பவர் எல்லோருக்கும் பொதுவானவர். வாதத்திலே புகுந்து தன் தொகுதிக்காகக் குரலெழுப்ப அவரால் இயலாது. 1944இல் சிங்களத்தோடு தமிழையும் ஆட்சிமொழியாக்கவேண்டுமென்று வ. நல்லையா கொண்டுவந்த திருத்தத்துடன் மொழித் தீர்மானம் நிறைவேறியபோதும் சபாநாயகராயிருந்தவர் துரைசுவாமியே. ஊர்காவற்றுறைக்குப் பெருமை கிடைத்தது. குரல் கிடைத்ததா என்பது வேறு விடயம்.

யுத்தத்தின் காரணமாகச் சபையின் ஆயுள் நீட்டப்பட்டது. 1936இல் வாக்களித்த தீவுவாசிக்கு அடுத்த பொதுத்தேர்தல் 1947இலேதான் வந்தது. பதினொரு வருட இடைவெளி. இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் சோல்பரித் திட்டத்தின்கீழ் நடந்தது. தமிழ்க் காங்கிரஸ் அலை குடாநாட்டிலே பெருக்கெடுத்த காலம் அது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, கோப்பாய், வட்டுக்கோட்டை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய ஆறு தொகுதிகளும் அக்கட்சிக்கே சென்றன. ஊர்காவற்றுறை ஒன்றுமட்டும் செல்லவில்லை. பதினொரு ஆண்டுகள் சபாநாயகராயிருந்த துரைசுவாமியும் தோற்றார். வென்றவர் சுயேச்சையாக நின்ற அல்பிரட் தம்பிஐயா; கொழும்புத் துறைமுகத் தொழிலிலே சிறந்து விளங்கிய வர்த்தகர். 1952இலும் அவரே வென்றார்.

இதற்குக் காரணம் யாது? தீவகத்தாரின் வாழ்க்கையை அறிந்தவருக்கு இது புதிராகாது என்பது என் எண்ணம். புங்குடுதீவாரும் வேலணையாரும் நயினாதீவாரும் நெடுங்காலமாகவே ஊரைவிட்டுப் புறப்பட்டுக் கொழும்பிலும் சிங்கள நாட்டுப் பட்டினங்களிலும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். உவர்மண் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. ஊரிலே தங்கியவர்களுக்கு வேண்டியிருந்தவை நன்னீர்க் கிணறு, தாம்போதி, வள்ளத்துறை, வைத்தியர். வர்த்தகரின் மகனுக்குத் துறைமுகத்திலே வேலை கேட்கலாம். நியாயவாதியிடம் எதைக் கேட்பது? குடாநாட்டார் கட்சியைப் பார்த்து வாக்களித்தபோது தீவார் ஆளைப் பார்த்து வாக்களித்தார்கள். அதனைக் குறைவாகச் சொல்வோர் உண்டு; நான் சொல்லமாட்டேன்.

1956இல் அந்தத் தனிவழி முடிந்தது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தென்னிலங்கையில் எழுந்தபோது, கடை வைத்திருந்த தீவானும் உத்தியோகம் நாடிய தீவானும் ஒருங்கே கலங்கினார்கள். கிணறும் தாம்போதியும் பின்னுக்குப் போயின. தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா வெற்றிபெற்றார். 1960 மார்ச்சிலும் ஜூலையிலும் நடந்த இரண்டு தேர்தல்களிலும் அவரே வென்றார். 1963இல் அவர் காலமானதையடுத்து வந்த இடைத்தேர்தலிலே அதே கட்சியின் வ. நவரத்தினம் தெரிவானார். அன்றுதொட்டு ஊர்காவற்றுறை எப்போதும் பெருவழியிலே நடந்தது.

நவரத்தினம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர்; சட்ட நுணுக்கங்களிலே வல்லவர். 1965இல் மீண்டும் வென்றார். அப்போது கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்துக்கு ஆதரவளித்து வந்தது. 1968இல் ஆட்பதிவு மசோதா பற்றிக் கட்சியோடு முரண்பட்டு அவர் பிரிந்தார். பின்னர் தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்தார். சமஷ்டி கிடைக்கப்போவதில்லை, தமிழருக்குச் சுயாட்சியே வழி என்பது அவர் கொள்கை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கொள்கையோடு ஊர்காவற்றுறை மக்களிடம் வந்தார். மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். வென்றவர் தமிழரசுக் கட்சியின் க. பொ. இரத்தினம், முன்பு கிளிநொச்சிப் பிரதிநிதியாயிருந்த தமிழறிஞர்.

அதன்பின் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு வந்தது. 1976 மே மாதத்திலே வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக்கு ஆணை கேட்டு நின்றது. 18 ஆசனங்களை வென்றது. ஊர்காவற்றுறையில் அந்த ஆணையைப் பெற்றவர் அதே இரத்தினம். 1970இல் நவரத்தினத்தின் வாயிலிருந்து கேட்டபோது மறுத்த மக்கள், அதனிலும் கடுமையான கோரிக்கையை ஏழு ஆண்டுகளின் பின் அவரை வென்றவரின் வாயிலிருந்து கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். மக்கள் மாறினார்களா, காலம் மாறியதா என்று மாணவர்கள் என்னைக் கேட்பார்கள். தரப்படுத்தல், 1972, 1974 என்று அந்த ஏழு ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடையை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

1982 டிசம்பரிலே சர்வசன வாக்கெடுப்பொன்றின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1983 ஜூலையிலே நாடு பற்றியெரிந்தது. ஓகஸ்ட் மாதத்திலே ஆறாவது திருத்தம் வந்தது; தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று உறுப்பினர் யாவரும் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும் என்றாயிற்று. எந்த வாக்குறுதியைக் கூறித் தெரிவானார்களோ அதற்கு எதிராகச் சத்தியம் செய்ய இயலாதென்று கூட்டணியினர் சபைக்குச் செல்லாது நின்றார்கள்; ஆசனங்களை இழந்தார்கள். ஊர்காவற்றுறையின் ஆசனமும் அவ்வாறே வெறுமையானது.

1931இல் மனுச்செய்ய ஆளில்லாததால் வெறுமை. 1983இல் சத்தியம் செய்ய ஆளில்லாததால் வெறுமை. முன்னையதிலே தலைவர்கள் மக்களைக் கேளாமல் முடிவு செய்தார்கள். பின்னையதிலே மக்கள் கூறிய விடையையே சட்டம் செல்லாதாக்கியது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவோருடன் நான் உடன்படேன். ஆயினும் நெடுந்தீவின் வள்ளத்துறையிலே காத்துநின்ற நோயாளியின் நிலையிலிருந்து பார்த்தால், இரு காலத்திலும் அவருக்காகச் சபையிலே எழுந்து பேச ஒருவருமில்லை. 1977இல் வாக்களித்த தீவுவாசிக்கு அடுத்த பொதுத்தேர்தல் 1989இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். முன்பு உலக யுத்தம் உண்டாக்கிய இடைவெளியிலும் ஓராண்டு கூடுதல்.

1989ஆம் ஆண்டுத் தேர்தல் விகிதாசார முறையிலே நடந்தது. ஊர்காவற்றுறைக்கெனத் தனி உறுப்பினர் என்பது அத்தோடு முடிந்தது. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்களிப்புப் பிரிவாகச் சுருங்கியது. விரைவிலே போர் தீவுகளையே விழுங்கிற்று. 1990களின் தொடக்கத்திலே மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கல்வீடுகளின் கூரைகள் சரிந்தன. பனைமரங்கள் தலையிழந்து நின்றன. புங்குடுதீவாரை ஊரிலே தேடுவதிலும் கனடாவிலும் பிரான்சிலும் தேடுவது எளிதாயிற்று.

1994ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பு நடைபெற இயலவில்லை. அரசாங்கப் படையினரின் கட்டுப்பாட்டிலிருந்த தீவகத்திலேதான் பெட்டிகள் வைக்கப்பட்டன எனலாம். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவு வாக்காளரைக் கொண்ட மாவட்டத்தில், பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளைக் கொண்டு, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினரின் சுயேச்சைக் குழு பத்து ஆசனங்களில் ஒன்பதைப் பெற்றது. 1931இல் ஒரு வாக்கும் அளியாதிருந்த தீவகம், 1994இல் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து வாக்களித்ததாகக் கணக்கு முடிந்தது. ஊர்காவற்றுறை என்ற பெயர் பாராளுமன்றக் கணக்கிலே அவ்வளவு பெரிதாக என்றும் இருந்ததில்லை. ஊரிலே ஆட்கள் அவ்வளவு குறைவாகவும் என்றும் இருந்ததில்லை.

தேருநர் இடாப்பு தேய்ந்தது, ஆசனமும் தேய்ந்தது. 1989இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பதினொரு உறுப்பினர். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆறே பேர். அந்த அறுவருள் தீவகத்துக்குப் பொறுப்பானவர் யாரென்று சட்டம் கூறுவதில்லை. தாம்போதி உடைந்தால் யாரிடம் போவது என்று கேட்கும் முதியவருக்கு, ஆறு பெயரையும் சொல்லி, ஒருவரைத் தெரிந்துகொள்ளும்படி கூறவேண்டியிருக்கிறது.

தேர்தல் நாள் வந்தால் எங்கள் பாடசாலைகளே வாக்கெடுப்பு நிலையங்களாகின்றன. வகுப்பறை மேசைகளை ஒதுக்கிவைத்து, அட்டையினால் மறைப்புக் கட்டி, முதல் நாட் பிற்பகலிலே பெட்டிகளை எதிர்பார்த்துக் காத்திருப்பது அதிபர்மாரின் கடமைகளில் ஒன்று. அந்தப் பெட்டிகளிலே இப்போது நிறமில்லை. மாலையிலே முத்திரையிடப்பட்டதும் வேலணைப் பெட்டிகள் வாகனத்தில் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டினம் சேர்ந்துவிடும். நெடுந்தீவுப் பெட்டிகளுக்கு அந்த வழியில்லை. அவை கடல் கடந்து வந்தே எண்ணப்படவேண்டும்.